மருத்துவகம் மூடிய பின்: பிரித்தானியாவில் பணிநேரம் கடந்த பொது மருத்துவத்தின் வரலாறு (1911–2014)

ஆய்வுச் சுருக்கம்

பிரித்தானியாவில் ஒருவர் பதிவுசெய்துகொண்டுள்ள பொது மருத்துவரின் மருத்துவகம் மூடியிருக்கும் வேளையில் அவர் நோயுற்றால் யாரை நாடுவது என்னும் வினாவுக்கு, ஏறத்தாழ நூறாண்டுக் காலத்தில் அளிக்கப்பட்ட விடைகளை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. 2004ஆம் ஆண்டு ஒப்பந்தமே குடும்ப மருத்துவரை இரவுப் பணியிலிருந்து அகற்றியது என்னும் பரவலான கருத்து மறுஆய்வுக்கு உரியது. இரவு உழைப்பு 1950களிலிருந்தே படிப்படியாகக் கைமாறி வந்தது. 2004இல் கைமாறியது பொறுப்பு. நோயாளியைப் பற்றிய அறிவோ இவ்விரண்டுடனும் சேர்ந்து செல்லவில்லை. இம்மூன்றும் வெவ்வேறு காலங்களில் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்தமையே பிற்காலத்துப் பிழைகளுக்கு அடிப்படை என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: பொது மருத்துவர், தேசிய நலவாழ்வுச் சேவை, பணிநேரம் கடந்த மருத்துவம், பதிலி மருத்துவச் சேவை, புலம்பெயர் மருத்துவர், தொலைபேசி மருத்துவம்

முன்னுரை

இங்கிலாந்தில் பொது மருத்துவகங்களின் ஒப்பந்தப் பணிநேரம் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 8 மணி முதல் மாலை 6.30 மணி வரை ஆகும். நாளொன்றுக்குப் பத்தரை மணி நேரம் என்று கொண்டால், வாரத்திற்கு 52.5 மணி நேரம். ஒரு வாரத்தின் 168 மணி நேரத்தில் எஞ்சிய 115.5 மணி நேரம் மருத்துவகம் மூடியிருக்கும் நேரமாகும். பொது விடுமுறை நாள்களைக் கணக்கில் சேர்க்காவிடினும், ஒரு நோயாளியின் வாழ்நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கிற்கும் மேற்பட்டது 'மூடிய நேரம்' என்னும் வகைக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே மூடிய நேரத்து மருத்துவத்தை விதிவிலக்காகக் கருதாமல், மருத்துவ ஏற்பாட்டின் பெரும்பகுதியாகவே கருதி ஆராய வேண்டியுள்ளது.

இங்கு ஒரு சொல்விளக்கம் தேவைப்படுகிறது. பிரித்தானிய வழக்கில் 'சர்ஜரி' என்பது அறுவைச் சிகிச்சையை மட்டும் குறிப்பதன்று. பொது மருத்துவர் நோயாளிகளைப் பார்க்கும் இடத்தையும், பார்க்கும் நேரத்தையும் அச்சொல்லே குறிக்கும். இக்கட்டுரை அவ்விடத்தை 'மருத்துவகம்' என்றும், அது மூடியிருக்கும் நேரத்தில் வழங்கப்படும் சேவையைப் 'பணிநேரம் கடந்த மருத்துவம்' என்றும் குறிப்பிடுகிறது. பிரித்தானியாவில் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பிட்ட மருத்துவகத்தின் பட்டியலில் பெயர் பதிந்துகொள்ளும் முறை உள்ளது. 'என் மருத்துவர்' என்னும் தொடர் அங்கு உறவைச் சுட்டுவதோடு நில்லாமல், நிர்வாக வழியிலான உரிமையையும் சுட்டுகிறது. மருத்துவகம் மூடும்போது அவ்வுரிமை என்னவாகிறது என்பதே நம் ஆய்வுப் பொருள்.

1. பட்டியல் முறையின் தோற்றம்

1911ஆம் ஆண்டின் தேசியக் காப்பீட்டுச் சட்டம் இவ்வரலாற்றின் தொடக்கப் புள்ளி. நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் கொண்டுவந்த இச்சட்டத்தின்படி தொழிலாளி வாரம் 4 பென்சும், முதலாளி 3 பென்சும், அரசு 2 பென்சும் செலுத்தின. 1913 ஜனவரியில் மருத்துவப் பயன் நடைமுறைக்கு வந்தது. காப்பீடு செய்த தொழிலாளி, ஒப்புக்கொண்ட மருத்துவர்களின் வரிசையிலிருந்து ஒருவரைத் தேர்ந்துகொள்ளலாம். மருத்துவருக்குப் பார்த்த நோய்க்கு ஏற்பக் கூலி தரப்படவில்லை. பட்டியலில் உள்ள ஆள்களின் எண்ணிக்கைக்கு ஏற்பத் தலைவீதக் கட்டணம் தரப்பட்டது. நோயாளியை ஒருமுறை பார்த்தாலும் பன்முறை பார்த்தாலும், பகலில் பார்த்தாலும் இரவில் பார்த்தாலும் அக்கட்டணம் மாறாது. இரவு உழைப்புக்குத் தனி விலை இல்லை என்னும் நிலை இங்குதான் வேர்கொள்கிறது.

இச்சட்டம் தொழிலாளியை மட்டுமே காத்தது. மனைவியும் குழந்தைகளும் அதன் எல்லைக்கு வெளியே நின்றனர். ஆகவே நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் மருத்துவரை அழைப்பது பொருளியல் சார்ந்த முடிவாகவே இருந்தது. கட்டணம் செலுத்த இயலாதோர் விடியும்வரை காத்திருந்தனர். அல்லது அறக்கட்டளை மருத்துவமனையின் விபத்துப் பிரிவை நாடினர். சவுத் வேல்சின் சுரங்க ஊர்களில் தொழிலாளர்கள் தாமே நடத்திய மருத்துவ உதவிச் சங்கங்கள் இக்குறையை ஓரளவு ஈடுசெய்தன. அவற்றுள் டிரெடிகர் ஊரின் சங்கம் குடும்பத்தினரையும் சேர்த்துக் காத்தது. அவ்வூரில் பிறந்த அனூரின் பெவன் பிற்காலத்தில் சுகாதார அமைச்சராகித் தேசிய நலவாழ்வுச் சேவையை உருவாக்கினார்.

1937 ஜூன் 30 அன்று லண்டனில் 999 என்னும் அவசர அழைப்பு எண் அறிமுகமாயிற்று. 1935 நவம்பரில் விம்போல் தெருவில் ஒரு மருத்துவரின் இல்லத்தில் ஏற்பட்ட தீவிபத்தில் ஐந்து பெண்கள் இறந்தனர். அவ்வேளையில் தொலைபேசி இணைப்பகத்தைத் தொடர்புகொள்வதில் நேர்ந்த தாமதமே இவ்வெண்ணின் தோற்றத்திற்குக் காரணம். உயிருக்கு ஆபத்தான நிலைக்கு ஒரு பொது எண் இவ்வாறு கிடைத்தது. ஆனால் 'ஆபத்தா, இல்லையா' என்று தெரியாத நிலைக்கு அத்தகைய எண் கிடைக்க மேலும் அறுபது ஆண்டுகள் ஆயின. இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட இடத்தைக் குடும்ப மருத்துவரே நிரப்ப வேண்டியிருந்தது.

2. 24 மணி நேரப் பொறுப்பும் வீட்டுத் தொலைபேசியும்

1948 ஜூலை 5 அன்று தேசிய நலவாழ்வுச் சேவை தொடங்கியபோது, பட்டியல் முறை மக்கள் அனைவருக்கும் விரிவாக்கப்பட்டது. மருத்துவமனைகள் அரசுடைமையாயின. பொது மருத்துவர்களோ அரசு ஊழியராக மறுத்து, தற்சார்பான ஒப்பந்தக்காரர்களாகவே தொடர்ந்தனர். தனித்து இயங்கும் மருத்துவர் ஒருவர் தொடக்கத்தில் 4,000 பேர் வரை பட்டியலில் வைத்துக்கொள்ளலாம். அவர்கள் அனைவருக்கும் ஆண்டின் எல்லா நாள்களிலும், நாளின் 24 மணி நேரமும் அவர் பொறுப்பேற்றார். தாமே செல்ல இயலாதபோது பதிலாளை ஏற்பாடு செய்வது அவர் கடமை.

பின்னாளில் பொற்காலமாக நினைவுகூரப்படும் காலம் இதுவே. எனினும் 24 மணி நேரப் பொறுப்பு வேறு, 24 மணி நேர உழைப்பு வேறு. மருத்துவர் வீட்டிலேயே மருத்துவகம் நடத்திய அக்காலத்தில், அவர் வெளியே சென்றிருக்கும்போது கதவைத் திறந்தவரும் தொலைபேசியை எடுத்தவரும் பெரும்பாலும் அவர் மனைவியே. அழைப்பின் அவசரத்தை மதிப்பிட்டு, கணவர் எவ்வீட்டில் இருக்கிறார் என்று தேடி, செய்தி சேர்ப்பித்தவரும் அவரே. இக்காலத்தில் 'அவசரநிலை வகைப்படுத்தல்' என்று தனிப்பயிற்சியுடன் செய்யப்படும் வேலையை அவர் ஊதியமின்றிச் செய்தார். ஒப்பந்தத்தில் அவர் பெயர் இல்லை. மருத்துவர் எந்நேரமும் கிடைப்பார் என்னும் தோற்றம் அவரது உழைப்பைச் சார்ந்தே நின்றது.

1966ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த குடும்ப மருத்துவர் ஒப்பந்தம் இந்நிலையை மாற்றியது. துணைப் பணியாளர் ஊதியத்தில் 70 விழுக்காட்டை அரசு ஈடுசெய்தது. மருத்துவர்கள் குழுவாக இணைந்து செயல்பட ஊக்கத்தொகை கிடைத்தது. வரவேற்பாளர்களும் தனிக் கட்டடங்களும் வந்தன. மருத்துவகம் வீட்டைவிட்டு வெளியேறியது. அதன் விளைவாகவே, மாலையில் பூட்டி மறுநாள் காலையில் திறக்கக்கூடிய இடமாக அது மாறியது. 'மூடிய மருத்துவகம்' என்னும் கருத்தே மருத்துவரின் இல்லமும் பணியிடமும் பிரிந்த பின்னர்தான் முழுப்பொருள் பெறுகிறது எனலாம்.

நோயாளியின் பக்கத்திலும் மாற்றம் நிகழ்ந்தது. 1972இல் பிரித்தானிய வீடுகளில் ஏறத்தாழ 42 விழுக்காட்டில் மட்டுமே தொலைபேசி இருந்தது. பிறர் அண்டை வீட்டையோ தெருமுனைத் தொலைபேசிக் கூண்டையோ நாடினர். நள்ளிரவில் குளிரில் தெருவுக்குச் சென்று அழைப்பதற்கு உள்ள தயக்கம் ஒருவகை வடிகட்டியாகச் செயல்பட்டது. தொலைபேசி படுக்கையருகே வந்தபோது அத்தடை நீங்கியது. அழைப்புகள் பெருகியமைக்கு மக்களின் பொறுமையின்மையை மட்டும் காரணமாகக் கூறுவோர் இத்தொழில்நுட்ப மாற்றத்தைக் கருதுவதில்லை.

3. பதிலி மருத்துவர்களும் புலம்பெயர் மருத்துவர்களும்

1950களில் லண்டனில் வணிகமுறைப் பதிலி மருத்துவச் சேவைகள் தோன்றின. மருத்துவர் ஒரு நிறுவனத்திற்குக் கட்டணம் செலுத்துவார். அவரது இரவு அழைப்புகளை நிறுவனம் ஏற்றுத் தன் மருத்துவரை வாகனத்தில் அனுப்பும். பின்னர் இம்முறை பிற பெருநகரங்களுக்கும் பரவியது. ஒப்பந்தப்படி பொறுப்பு குடும்ப மருத்துவரிடமே இருந்தது; கதவைத் தட்டியவர் மட்டும் வேறொருவர். உழைப்பும் பொறுப்பும் பிரியத் தொடங்கிய இடம் இதுவாகும். 2004ஐத் தொடக்கமாகக் கொள்ளும் வரலாற்றுப் பார்வை இந்த அரைநூற்றாண்டைக் காணத் தவறுகிறது.

பகலில் மருத்துவமனையில் பணியாற்றிய இளநிலை மருத்துவர்கள் கூடுதல் வருவாய்க்காகப் பதிலிச் சேவைகளில் இரவுப் பணி ஏற்றனர். தேசிய நலவாழ்வுச் சேவையின் கடினமான பணிகளுக்கும், உள்ளூர் மருத்துவர்கள் விரும்பிச் செல்லாத தொழில்நகரங்களுக்கும் ஆள் தேவைப்பட்டபோது, தெற்காசிய மருத்துவர்களே அவ்விடங்களைப் பெருமளவில் நிரப்பினர். 1835இல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரி, 1870இல் தொடங்கிய கொழும்பு மருத்துவக் கல்லூரி போன்றவை பிரித்தானியப் பாடத்திட்ட மரபில் ஆங்கிலவழியில் மருத்துவர்களை உருவாக்கியமை இப்பெயர்வுக்கு வழியமைத்தது. இந்திய மருத்துவப் பட்டங்களுக்குப் பிரித்தானியப் பொது மருத்துவ மன்றம் அளித்துவந்த நேரடி ஏற்பு 1975இல் முடிவுக்கு வந்தது. அதற்கு முன் சென்றவர்களுள் பலர், மருத்துவமனைகளில் உயர்பதவிக்கு வழி அடைபட்ட நிலையில், பொது மருத்துவத்தை மேற்கொண்டனர்.

1980களில் பொது மருத்துவர்களுள் சுமார் 16 விழுக்காட்டினர் தெற்காசியாவில் பிறந்தவர்கள் என்று வரலாற்றாய்வாளர் ஜூலியன் சிம்சன் தம் ஆய்வில் எடுத்துக்காட்டுகிறார். சுரங்க ஊர்களிலும் நகர உட்பகுதிகளிலும் அவர்களுட் பலர் தனி மருத்துவர்களாகவோ சிறு குழுக்களாகவோ இயங்கினர். பெரிய குழுக்களில் இரவுப் பணி பலருக்கிடையே பகிரப்படும். தனி மருத்துவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. குடும்ப மருத்துவர் எப்போதும் கிடைப்பார் என்னும் பிரித்தானிய நினைவில் இந்திய, இலங்கை மருத்துவர்களின் உறக்கமிழந்த இரவுகளும் அடங்கியுள்ளன. தமிழ்ச் சமூக வரலாற்றுக்கும் இப்பொருளுக்கும் உள்ள மெய்யான தொடர்பு இதுவே.

4. இரவுக்கு விலை: 1967–1995

இரவு வருகைக்குத் தனிக் கட்டணம் 1967 முதல் வழங்கப்பட்டது. தலைவீத முறையின் அடிப்படை இங்கு முதன்முறையாகத் தளர்ந்தது: இரவு உழைப்பு பகல் உழைப்பிலிருந்து வேறுபட்டது என்பதை அரசு ஏற்றுக்கொண்டது. 1990ஆம் ஆண்டு ஒப்பந்தம் இதனை மேலும் நுணுக்கமாக்கியது. இரவு 10 மணி முதல் காலை 8 மணி வரையிலான வருகைக்கு இரண்டு கட்டண வீதங்கள் அறிவிக்கப்பட்டன. மருத்துவர் தாமோ தம் சிறு குழுவினரோ சென்றால் உயர்ந்த கட்டணம். பதிலி நிறுவனத்தார் சென்றால் குறைந்த கட்டணம். நோயாளியை அறிந்தவர் செல்வது கூடுதல் மதிப்புடையது என்னும் கருத்தை இந்த இருவீத முறை வெளிப்படுத்துகிறது. பின்னர் வந்த ஒப்பந்தங்களில் இக்கருத்து மறைந்துவிட்டது.

ஊக்கத்தொகை கருதிய பயனைத் தரவில்லை. அழைப்புகள் பெருகின, பகல் பணியின் சுமையும் கூடியது. இரவெல்லாம் விழித்தவரே மறுநாள் காலையிலும் நோயாளிகளைப் பார்க்க வேண்டியிருந்தது. 1992இல் மருத்துவர்களிடையே நடத்தப்பட்ட கருத்தறிதலில், 24 மணி நேரப் பொறுப்பிலிருந்து விலகும் வாய்ப்பு வேண்டும் என்று பெரும்பான்மையோர் கூறினர்.

இந்நெருக்கடியிலிருந்து மருத்துவர் கூட்டுறவுகள் வளர்ந்தன. ஒரு வட்டாரத்தின் மருத்துவர்கள் இலாப நோக்கின்றி ஒன்றுகூடி, முறைவைத்து ஒருவர் மற்றவரின் நோயாளிகளைப் பார்த்தனர். ஒருவருக்கு வாரத்தில் பல இரவுகள் என்றிருந்த பணி மாதத்தில் சில முறைகள் என்றாயிற்று. 1995இல் அரசு இவற்றுக்கு வளர்ச்சி நிதி ஒதுக்கியது. அதே ஆண்டின் விதிமாற்றத்தால், இரவில் வீட்டிற்குச் செல்வதா, தொலைபேசியில் அறிவுரை கூறுவதா, நோயாளியை ஒரு மையத்திற்கு வரச்சொல்வதா என்பதை மருத்துவரே முடிவுசெய்யும் நிலை உறுதிப்பட்டது. மருத்துவர் நோயாளியிடம் செல்லும் மரபு, நோயாளி மருத்துவரிடம் வரும் மரபாக மாறியது. வாகனமில்லாத முதியோருக்கும், கைக்குழந்தையுடன் தனித்திருக்கும் தாய்க்கும் இம்மாற்றம் சிறியதன்று. எனினும் கூட்டுறவு மருத்துவர் அவ்வட்டாரத்தைச் சேர்ந்தவர். அங்குள்ள மருத்துவமனைகளையும் செவிலியரையும் அறிந்தவர். நோயாளியை அறியாவிடினும் ஊரை அறிந்திருந்தார்.

5. தொலைபேசியில் செவிலியர்

1998இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வு இத்துறையின் போக்கைப் பெரிதும் மாற்றியது. வில்ட்சயரில் 55 மருத்துவகங்கள் இணைந்த ஒரு கூட்டுறவில், கணினி மென்பொருளின் துணையுடன் பயிற்சி பெற்ற செவிலியர்கள் அழைப்புகளை ஏற்றனர். வந்த அழைப்புகளில் ஏறத்தாழ பாதியை மருத்துவருக்கு அனுப்பாமலே அவர்களால் முடிக்க முடிந்தது. பாதுகாப்புக் குறைவும் காணப்படவில்லை. ஆயினும் இந்த ஆய்வின் சூழலை மறத்தலாகாது. செவிலியர் அனுபவம் மிக்கவர். அவர் அருகில் உள்ளூர் மருத்துவர்கள் இருந்தனர். இச்சூழலிலிருந்து முடிவை மட்டும் பிரித்தெடுத்துப் பிற்காலத்தில் பயன்படுத்தியது கொள்கை வரலாற்றில் கவனிக்கத்தக்கது.

1998 மார்ச்சில் லங்காஷயர், மில்டன் கீன்ஸ், நார்தம்பிரியா ஆகிய மூன்று பகுதிகளில் 'என்.எச்.எஸ். டைரக்ட்' என்னும் செவிலியர் தொலைபேசிச் சேவை முன்னோட்டமாகத் தொடங்கியது. 2000ஆம் ஆண்டின் இறுதிக்குள் அது இங்கிலாந்து முழுவதும் பரவியது. ஸ்காட்லாந்தில் 'என்.எச்.எஸ். 24' தனியே அமைந்தது. 'ஆபத்தா, இல்லையா' என்று ஐயுறும் நிலைக்கு இறுதியில் ஒரு பொது எண் கிடைத்தது. 2000 அக்டோபரில் டேவிட் கார்சன் தலைமையில் வெளியான மதிப்பாய்வு, தொலைபேசி அறிவுரை, மருத்துவர் கூட்டுறவு, அவசர சிகிச்சைப் பிரிவு ஆகியவற்றை ஒரே நுழைவாயிலில் இணைக்கவும் தரவரையறைகளை விதிக்கவும் பரிந்துரைத்தது.

6. 2004: பொறுப்பு கைமாறிய ஆண்டு

2003இல் பொது மருத்துவர்கள் வாக்களித்து ஏற்ற புதிய ஒப்பந்தம் 2004 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 6,000 பவுண்டு வருவாயை விட்டுக்கொடுத்தால், பணிநேரம் கடந்த பொறுப்பிலிருந்து மருத்துவர் விலகலாம். ஏறத்தாழ 90 விழுக்காட்டு மருத்துவகங்கள் விலகின. பொறுப்பு வட்டார நிர்வாக அமைப்புகளிடம் சென்றது; அவை கூட்டுறவுகளிடமிருந்தோ வணிக நிறுவனங்களிடமிருந்தோ சேவையை விலைக்கு வாங்கின.

அரசு இப்பொறுப்பின் விலையைக் குறைத்தே மதிப்பிட்டிருந்தது. 2005-06இல் இதற்கென 322 மில்லியன் பவுண்டு ஒதுக்கப்பட்டது. செலவோ 392 மில்லியன் என்று தேசியத் தணிக்கை அலுவலகம் 2006இல் கணக்கிட்டது. மருத்துவர்களும் அவர்தம் குடும்பத்தாரும் அதுவரை குறைந்த விலைக்கோ விலையின்றியோ தந்த உழைப்பின் அளவை இவ்வேறுபாடு ஓரளவு உணர்த்துகிறது.

அவசர சிகிச்சைப் பிரிவுகளின் நெரிசலுக்கு இவ்வொப்பந்தமே காரணம் என்று 2013இல் அன்றைய சுகாதார அமைச்சர் ஜெரமி ஹண்ட் வாதிட்டார். இவ்வாதத்தை இரு நிலைகளில் மதிப்பிட வேண்டும். முதலாவது, புள்ளிவிவரம் பற்றியது. 2003-04ஐ ஒட்டி அவசர சிகிச்சை வருகைகளின் எண்ணிக்கை திடீரென உயர்ந்து காணப்படுவதற்கு, சிறுகாய நிலையங்களையும் நேரடி வருகை மையங்களையும் அக்கணக்கில் சேர்த்தமை ஒரு முக்கியக் காரணம். இரண்டாவது, காலவரிசை பற்றியது. 2004இல் விலகிய மருத்துவர்களுட் பெரும்பாலோர் அதற்கு முன்பே தம் இரவு அழைப்புகளைக் கூட்டுறவுகளிடமோ பதிலிச் சேவைகளிடமோ ஒப்படைத்திருந்தனர். ஆகவே குடும்ப மருத்துவர் 2004இல் திடீரென இரவைக் கைவிட்டார் என்பது வரலாற்றுக்குப் பொருந்தாது.

இதனால் 2004ஆம் ஆண்டு முக்கியமற்றது ஆகிவிடாது. அதற்கு முன் இரவில் நேர்ந்த பிழைக்குப் பெயர் சொல்லத்தக்க ஒரு மருத்துவர் விடைகூற வேண்டியிருந்தது. தம் நோயாளியைத் தவறாக நடத்திய கூட்டுறவைச் சீர்திருத்தும் உந்துதலும் உறுப்பினர் என்ற முறையில் அவருக்கு இருந்தது. ஒப்பந்தத்திற்குப் பின் அவ்விடத்தில் ஓர் ஒப்பந்தப்புள்ளியும் தரக்குறியீடுகளும் வந்தன.

7. கைமாறாத அறிவு: இரு நிகழ்வுகள்

2005ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் லண்டனில் ஒரு பெண், சிறு மருத்துவச் செயல்முறைக்குப் பின் நோயுற்று, நான்கு நாள்களில் பணிநேரம் கடந்த சேவையின் எட்டு மருத்துவர்களைத் தொடர்புகொண்டார். குருதி நஞ்சாகும் நிலை கண்டறியப்படாமல் அவர் இறந்தார். ஒவ்வொரு மருத்துவரும் முந்தையவரின் குறிப்பைக் காணாமல், அழைப்பைப் புதிய அழைப்பாகவே கருதியமை பின்னர் வெளிப்பட்டது. எட்டுப் பேரும் தனித்தனியே கண்டது ஒரு கணநேர நோய்நிலையை. நான்கு நாள்களாக அது முற்றி வந்ததை அறிந்திருந்தவர் நோயாளி ஒருவரே. ஒரே மருத்துவர் இருமுறை கேட்டிருந்தால் ஒலித்திருக்கக்கூடிய எச்சரிக்கை, எட்டுப் பேரிடையே சிதறிப்போயிற்று.

2008 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜ்ஷயரில், வெளிநாட்டிலிருந்து வந்து பிரித்தானியாவில் தம் முதல் பணிமுறையில் இருந்த ஒரு பதிலி மருத்துவர், வலியால் துன்புற்ற முதியவருக்கு 100 மில்லிகிராம் டயமார்ஃபின் செலுத்தினார். அது உரிய அளவைப் போல் பத்து மடங்கு. முதியவர் இறந்தார். 2010இல் மரண விசாரணை அதிகாரி இதனைச் சட்டத்திற்குப் புறம்பான மரணம் என்று தீர்ப்பளித்தார். இதே மருந்தின் மிகையளவு தொடர்பாக முன்னரே எழுந்த எச்சரிக்கைகளிலிருந்து சேவை நிறுவனம் பாடம் கற்கவில்லை என்பதை ஒழுங்காற்று ஆணையம் கண்டறிந்தது.

இவற்றுள் இரண்டாவதை அயல்நாட்டு மருத்துவரின் குறையாக மட்டும் காண்பது எளிது. ஆனால் மூன்றாம் பகுதியில் கண்ட தெற்காசிய மருத்துவர்களும் அயல்நாட்டினரே. அவர்கள் ஓர் ஊரில் ஆண்டுக்கணக்கில் தங்கி, குடும்பங்களை அறிந்து, தம் பட்டியலுக்குத் தாமே விடைகூறினர். வேறுபாடு மருத்துவரின் பிறப்பிடத்தில் இல்லை. அவரை நோயாளியோடும் ஊரோடும் பிணைத்த ஏற்பாட்டில் உள்ளது. இரு நிகழ்வுகளிலும் மருத்துவர் இல்லாமல் இல்லை. நோயாளியைப் பற்றிய அறிவோ, பணி பற்றிய அறிவோ உடன் வரவில்லை. 2007 முதல் படிப்படியாக உருவாக்கப்பட்ட சுருக்க மருத்துவப் பதிவு, உழைப்பு கைமாறி அரைநூற்றாண்டு கழித்து, அறிவைக் கைமாற்ற மேற்கொண்ட முயற்சியாகும்.

8. 111: நோயாளியின் கையில் மதிப்பீடு

2010 ஆகஸ்டில் டர்ஹம், டார்லிங்டன் பகுதியில் 111 என்னும் கட்டணமற்ற எண் முன்னோட்டமாகத் தொடங்கியது. என்.எச்.எஸ். டைரக்டில் அழைப்புகளைச் செவிலியர் கையாண்டனர். 111இல் முதலில் பேசுபவர் மருத்துவப் பயிற்சி பெறாத பணியாளர். கணினி காட்டும் வினாநிரலைப் படித்து, கிடைக்கும் விடைக்கேற்ப அவசர ஊர்தி, மருத்துவர், மருந்தகம், வீட்டுப் பராமரிப்பு ஆகியவற்றுள் ஒன்றுக்கு அவர் வழிகாட்டுவார். தேவைப்படின் மருத்துவப் பணியாளரிடம் இணைப்பார். 2013 ஏப்ரலில், சுகாதார நிர்வாகமே மாற்றியமைக்கப்பட்ட அதே மாதத்தில், இச்சேவை நாடளவில் விரிவாக்கப்பட்டுப் பல பகுதிகளில் தடுமாறியது. என்.எச்.எஸ். டைரக்ட் 2014 மார்ச்சில் முடிவுக்கு வந்தது.

பணிநேரம் கடந்த பொது மருத்துவச் சேவைகள் 2007-08இல் ஏறத்தாழ 86 இலட்சம் நிகழ்வுகளையும், 2013-14இல் ஏறத்தாழ 58 இலட்சம் நிகழ்வுகளையும் கையாண்டதாகத் தேசியத் தணிக்கை அலுவலகம் மதிப்பிட்டது. மக்கள் குறைவாக நோயுற்றனர் என்பது இதன் பொருளன்று. அழைப்புகளின் ஒரு பகுதி 111க்குத் திரும்பியமை இக்குறைவுக்கு ஒரு காரணம். கேள்வி அதே, கேட்கும் வாசல் வேறு.

வினாநிரல் முறையின் பயனை மறுக்க இயலாது. களைத்துப்போன மருத்துவர் கேட்க மறந்துவிடக்கூடிய வினாவை மென்பொருள் மறவாது. ஆனால் விடைகளின் தரம் நோயாளியின் சொல்வளத்தைப் பொறுத்தது. நெஞ்சை 'அழுத்துகிறதா, குத்துகிறதா, எரிகிறதா' என்னும் வினாவுக்குத் தாய்மொழியல்லாத மொழியில், அச்சத்தின் நடுவே, முகமறியாத ஒருவரிடம் விடைகூற வேண்டும். மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறும் வசதி 111இல் உண்டு. ஆயினும் பிள்ளையோ பேரனோ பேசுவதே பல புலம்பெயர் குடும்பங்களின் வழக்கம். 1950களில் மருத்துவரின் மனைவி செய்த மதிப்பீட்டு வேலை, இவ்வாறு நோயாளியின் குடும்பத்திற்கு வந்து சேர்ந்திருக்கிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் முடிவுகளைப் பெறலாம்.

முதலாவதாக, 'மூடிய நேரம்' இயற்கையாக அமைந்ததன்று. மருத்துவகம் வீட்டிலிருந்து பிரிந்தமை, இரவு உழைப்புக்குத் தனி விலை வகுத்தமை, தொலைபேசி பரவியமை ஆகியவற்றால் அது வரலாற்றில் உருவானது.

இரண்டாவதாக, குடும்ப மருத்துவரின் இடையறாப் பொறுப்பு என்னும் இலட்சியம், கணக்கில் வராத உழைப்பின்மேல் நின்றது. மனைவியர், இளநிலை மருத்துவர்கள், தெற்காசியாவிலிருந்து பெயர்ந்தோர் ஆகியோர் அதனைச் சுமந்தனர். அதனை அப்படியே மீட்டெடுக்க விழைவோர், அச்சுமையை இனி யார் ஏற்பது என்பதற்கும் விடைகூற வேண்டும். உறக்கமிழந்த மருத்துவர் நோயாளிக்கும் ஆபத்தானவர். மருத்துவர்கள் இரவுப் பணியிலிருந்து விலக நாடியதில் நியாயம் உண்டு.

மூன்றாவதாக, உழைப்பைப் பகிரலாம். பொறுப்பையும் ஒப்பந்தத்தால் மாற்றலாம். நோயாளியைப் பற்றிய அறிவு மட்டும் தானாக உடன் செல்வதில்லை. அதற்கெனத் தனி ஏற்பாடு வேண்டும். பிரித்தானியாவில் அவ்வேற்பாடு இறுதியாகவே வந்தது. இடைப்பட்ட காலத்தின் விலையை நோயாளிகள் செலுத்தினர்.

சென்னையிலும் கொழும்பிலும் பயின்று பிரித்தானியத் தொழில்நகரங்களில் இரவுப் பணி ஆற்றிய மருத்துவர்களுட் பலர் இன்று முதுமையில் உள்ளனர். அவர்தம் நினைவுகளையும், அழைப்பு வந்ததும் தொலைபேசியை எடுத்த அவர்தம் குடும்பத்தாரின் நினைவுகளையும் தமிழில் பதிவுசெய்தல் இவ்வாய்வின் அடுத்த கட்டமாக அமையலாம். அரசு ஆவணங்களில் இரவு ஒரு கட்டண வீதமாகவும் ஒரு நேர எல்லையாகவும் மட்டுமே பதிவாகியுள்ளது. அவ்விரவுகளில் யார் விழித்திருந்தனர் என்பதை வாய்மொழிச் சான்றுகளே கூற இயலும்.